டவாலி சுடலைமணியின் குரல்

அரசாங்கம் அபூர்வமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் அதை ஒத்துக்கொள்ள நமக்கு மனசு வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், நீதிவாசல் நல்ல திட்டம். அப்பன் போட்ட சிவில் வழக்குக்கு மகன் வாய்தா வாய்தாவாக அலைந்து, பேரன் தீர்ப்பு வாங்குவதற்குள் வழக்குக்குக் காரணமான சுவரே இடிந்து விழுந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. இப்போது தாலுகாவுக்கு ஒரு மையம். போய் உட்கார்ந்து, வாய்க்கு வந்த பேச்சில் குறையைச் சொன்னால் போதும். நடுவர் அதைக் கேட்டு மனுவாக எழுதி, எதிராளியைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தையும் கேட்டு, இருபத்தொரு நாளில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, யாருக்கும் கும்பிடு போடவேண்டியதில்லை. நடுவர் என்பது ஓர் இயந்திரம்தான். ஆனால் அதன் பேச்சு பொறுமையான பள்ளிக்கூட டீச்சர் பேச்சு மாதிரி இருந்ததால் ஜனங்கள் ‘நடுவரம்மா’ என்றே பழகிவிட்டார்கள். கென்யாவிலிருந்தும் பெருவிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

எதிராளியைக் கூப்பிடுவதைப் பற்றித்தான் ரொம்ப யோசித்திருந்தார்கள். பழைய நாளில் சம்மன் கொண்டுவர வேண்டிய அமீனா டீக்கடையிலேயே உட்கார்ந்து ‘கதவில் ஒட்டப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரனுக்குத் தகவல் தெரியும்போது வீடு போயிருக்கும். அதனால் இப்போது ஒவ்வொரு வீட்டுக் கரண்டு மீட்டர் பெட்டியிலும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் பச்சைப் பொத்தானும் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆள் வீட்டில் இருக்கும் என்று உச்சிவேளை பன்னிரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கு விவரத்தைச் சத்தமாகச் சொன்னால் தெருவே கேட்டு மானம் போகும் என்பதால் பெயரை மட்டும் மூன்று தடவை கூப்பிடும். ஆள் வந்து பொத்தானை அமுக்கி ‘நான்தான்’ என்றால் மற்றதை மெதுவாகச் சொல்லும். மூன்று நாள் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்ய முப்பது நாள் கெடு.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதாவது மனிதக் குரலாக இருக்கட்டும் என்று கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலிகள் நானூறு பேரின் குரலைக் கேட்டுப் பார்த்து, மாநிலம் முழுவதற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கரிவலம்பட்டி முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் கூப்பிட்ட டவாலி சுடலைமணியின் குரல். கனமான குரல், அதட்டல் இல்லாத குரல். கோர்ட் வராந்தாவில் நின்று அவர் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்கு முன்னால் டீக்கடைவரை இறங்கிப்போய் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். இதை மட்டும் இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் பொன்ரேகா அதே ஊர் நீதிவாசல் மையத்தில் உதவியாளர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கைப்பிடித்து நடுவர் முன்னால் உட்காரவைப்பது அவள் வேலை. தினமும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவாள். எதிர்த் தெருவில் எந்த வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்தாவது அப்பாவின் குரல் கேட்கும். யாரையாவது கூப்பிடும். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாள். சுடலைமணி செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

அவர் செத்துப்போனது ஊருக்கே தெரியும். நீதிவாசலுக்கு மட்டும் தெரியாது. குரல் கொடுத்தவரிடம் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கேட்டுப் போனுக்குப் படிவம் வரும், பென்ஷன்காரர்களுக்கு வருகிற மாதிரி. உயிரோடு இருக்கும்வரைதான் குரலுக்குச் செல்லுபடி என்று ஒப்பந்தம். முதல் வருஷம் படிவம் வந்தபோது அப்பாவுக்குக் கருமாதி முடிந்து ஒன்பது நாள். ‘உயிருடன் இருக்கிறாரா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று தொட பொன்ரேகாவுக்குக் கை வரவில்லை. ‘ஆம்’ என்று தொட்டாள். ஐந்து பைசா லாபமில்லாத பொய். அப்புறம் வருஷா வருஷம் அதே பொய். சாவைப் பதிகிற ஆபீசும் குரலைப் பதிகிற ஆபீசும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சண்முகக்கனி வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரி, புருஷன் இல்லை. பொன்ரேகாவுக்குத் தெரு முறையில் சித்தி. கையில் ஒரு காகிதம் நசுங்கிப்போய் இருந்தது.

“ஏட்டி ரேகா, இதுல என்ன போட்ருக்குன்னு பாரு. கொழுந்தன் மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு எம்மேல கேஸ் போட்டுருக்கானாம். வீட்டைக் காலி பண்ணணுமாமே.”

பொன்ரேகா வாசித்தாள். ஒருதலைத் தீர்ப்பு. இருபத்தேழு நாள் ஆகியிருந்தது.

“உங்களைக் கூப்பிடலையா சித்தி? மூணு நாள் கூப்பிட்டதா போட்ருக்கே.”

“கூப்பிட்டுச்சு.”

“வீட்ல இருந்தீகளா?”

“இருந்தேன்.”

“பெறவு ஏன் பொத்தானை அமுக்கல?”

சண்முகக்கனி காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். பொன்ரேகா அவளை உள்ளே கூட்டிப்போய் நடுவர் முன்னால் உட்காரவைத்தாள்.

“நீங்கள் வராததற்குத் தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பை ரத்து செய்யலாம், சண்முகக்கனி” என்றார் நடுவர். “உடம்பு சரியில்லையா? ஊரில் இல்லையா? காது கேட்பதில் சிரமமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“யாராவது மிரட்டினார்களா?”

“மிரட்டல. பயமா இருந்துச்சு.”

“யாரைக் கண்டு பயம்?”

அவள் பொன்ரேகாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். காரணம் சொல்லாவிட்டால் மூன்று நாளில் வீட்டைக் காலிசெய்ய ஆள் வரும் என்பதை நடுவர் மென்மையாகவே சொன்னார். சண்முகக்கனி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பொன்ரேகா பின்னாலேயே ஓடினாள். “சித்தி, உங்க வீடு உங்களுக்கு வேணுமா வேண்டாமா? எங்கிட்டச் சொல்லுங்க.”

“உங்கிட்டதான்டி சொல்ல முடியாது” என்றாள் சண்முகக்கனி. “ஒங்கப்பன் தங்கமான மனுசன். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லும். அவரை நாங்கல்லாம் சேந்துதான் தூக்கிப் போட்டோம். பெறவு உச்சிநேரத்துல வாசல்ல வந்து நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் எப்பிடிட்டி ஏன்னு கேக்க? செத்தவுக கூப்பிட்டா கேட்டவுகளையும் கூட்டிட்டுப் போயிருவாக. மூணுதடவை கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சின்னப்பிள்ளையிலயே சொல்லிருக்காகல்ல?”

“அது மிஷின் சித்தி. பதிஞ்சு வச்ச குரல்.”

“எனக்குத் தெரியாமயா இருக்கு? மண்டைக்குத் தெரியுது. நெஞ்சுக்குத் தெரியணும்லா.”

சண்முகக்கனி அவள் கையைப் பிடித்தாள்.

“நான் மட்டுமா? எங்க தெருவுல வந்து பாரு.”

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் நேர்மேலே நின்றது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. ஒவ்வொரு மீட்டர் பெட்டியிலும் வேப்பிலை செருகியிருந்தது, சிலதில் பிய்ந்த செருப்பு தொங்கியது, சிலதின்மேல் விபூதிப் பட்டை. இவற்றை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். திருஷ்டிக்கு என்று நினைத்திருந்தாள். மேலிடத்திலிருந்து வந்த கடிதமும் நினைவுக்கு வந்தது. மாநிலத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூப்பிட்டால் வருவதில்லையாம். கரிவலம்பட்டி தாலுகாவில் மட்டும் அறுபத்தொரு பேர் வருவதில்லையாம். இந்தப் பகுதி மக்களுக்குச் சட்ட விழிப்புணர்வு போதாது என்று முடிவுகட்டி, ஒயிலாட்டம் வைத்து முகாம் நடத்தச் சொல்லியிருந்தார்கள். நடத்தினார்கள். ஒயிலாட்டத்துக்கு நல்ல கூட்டம்.

நாலாவது வீட்டுப் பெட்டி லேசாகக் கரகரத்தது.

“மாரிச்செல்வம்…”

அப்பாதான். பொன்ரேகாவுக்கு எப்போதும்போல் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் “சத்தம் போடாத, சத்தம் போடாத” என்று யாருடைய வாயையோ பொத்துவது கேட்டது.

“மாரிச்செல்வம்…”

உள்ளே ஏதோ குழந்தை அழ ஆரம்பித்து, அழுகை அமுங்கிப்போனது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

“மாரிச்செல்வம்…”

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பச்சை விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. அந்த மாரிச்செல்வம் எதை இழக்கப்போகிறானோ தெரியவில்லை. பொன்ரேகா தெரு நடுவில் நின்றபடி அழுதாள். உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷன். அவர் குரல் கேட்டால் வழக்குக்காரர்களுக்குத் தைரியம் வரும் என்பார்கள். அவரைப் பிள்ளைகளின் வாயைப் பொத்தவைக்கும் பேயாக்கியது ஊர் இல்லை, நடுவர் இல்லை. நாலு வருஷமாக ‘ஆம்’ என்று தொட்ட இந்தக் கைதான்.

மையத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு நடுவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஒரு வாக்குமூலம் கொடுக்கணும்” என்றாள். “கூப்பிடுற குரலுக்குச் சொந்தக்காரர் உயிரோட இல்ல. நாலு வருஷம் ஆச்சு. அவர் இருக்கார்னு பொய்ச் சான்று கொடுத்தது நான்.”

நடுவர் உடனே பதில் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு யோசிக்க நேரம் தேவையில்லை. எதிரில் இருப்பவர் மனசு மாறினால் மாறிக்கொள்ளட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள்.

“பொன்ரேகா, பதிவதற்கு முன்னால் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரம் இல்லாதவர் கூப்பிட்டது கூப்பிட்டதாகாது. அவர் இறந்த நாளிலிருந்து இந்த மாநிலத்தில் அந்தக் குரல் கூப்பிட்டு, வராதவர்கள் மேல் சொன்ன ஒவ்வொரு ஒருதலைத் தீர்ப்பும் ரத்தாகும். பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு தீர்ப்புகள். அதில் அநியாயமாகத் தோற்றவர்களும் உண்டு. நியாயமாக ஜெயித்தவர்களும் உண்டு.”

“தெரியுது.”

“உங்கள் வேலை போகும்.”

“சரி.”

“உங்கள் தீர்ப்பும் அதில் ஒன்று.”

பொன்ரேகா நிமிர்ந்தாள். சத்தியமாக அவள் அதை நினைக்கவில்லை.

அவள் புருஷன் லிங்கதுரை, அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போனவன், திரும்பவில்லை. குடிக்கிற ஆள்தான், வேலையில் நிலைக்காத ஆள்தான். ஆனாலும் மகள் நிவிஷாமேல் உயிராக இருந்தவன். ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு வருஷம் பார்த்துவிட்டுப் பொன்ரேகா இதே நாற்காலியில் உட்கார்ந்து வழக்குப் போட்டாள். மூன்று நாள் கூப்பிட்டும் லிங்கதுரை வரவில்லை. பிள்ளை அம்மாவிடமே இருக்கவேண்டும், தகப்பனுக்கு எந்த உரிமையும் கிடையாது என்று தீர்ப்பானது. நிவிஷாவுக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம், “கோர்ட்டே மூணுதடவை கூப்பிட்டுச்சு, அந்த மனுசன் வரல. அவ்வளவுதான் நம்ம மேல இருந்த அக்கறை” என்று பதில் சொல்லிவந்தாள். பிள்ளை கேட்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது.

இப்போது வழக்கு திறந்தால் அவன் வருவான். பொய்ச் சான்று கொடுத்து வேலை போனவள் கையில் பிள்ளையை விடலாமா என்று கேட்பான். கேட்டால் தப்பு என்று சொல்லவும் முடியாது.

“பிள்ளையை எடுத்துருவாங்களா?” என்று கேட்டாள்.

“இரண்டு பக்கமும் கேட்காமல் என்னால் சொல்ல முடியாது.”

“இந்த வாக்குமூலம் கொடுக்காமப் போனா?”

“சண்முகக்கனியின் வீடு வெள்ளிக்கிழமை போகும். மற்றபடி எல்லாம் இப்போது இருப்பதுபோலவே இருக்கும். நீங்கள் இங்கே சொன்னதைப் பதிவதற்கு முன் திரும்பப் பெற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.”

ஜன்னல் வழியே பார்த்தாள். சண்முகக்கனி வாசல்படியில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிவிஷாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள். கூடவே அந்த வீட்டுக்குள் வாய் பொத்தப்பட்ட, முகம் தெரியாத குழந்தையையும் நினைத்துக்கொண்டாள். ஒருவேளை அந்தக் குழந்தை அழாமல் இருந்திருந்தால் இவள் எழுந்து போயிருப்பாளோ என்னவோ.

வாக்குமூலத்தைப் பதியக் கட்டைவிரலை நடுவரின் திரையில் வைத்தாள். அன்று சாயங்காலமே சுடலைமணியின் குரல் மாநிலமெங்கும் நின்றுபோனது.

வேலை போனது. வழக்கு எதுவும் போடாமல் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஜெயித்த தீர்ப்பு கைவிட்டுப்போன சிலர் வீடு தேடி வந்து திட்டினார்கள். புருஷன் ஓடிப்போய், ஜீவனாம்சத் தீர்ப்பு வாங்கியிருந்த ஒருத்தி வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். சண்முகக்கனி வீட்டிலேயே இருந்தாள். கொழுந்தன் காட்டிய பத்திரத்தில் இருந்த கையெழுத்து போலி என்பதை நடுவர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இனிமேல் ஒவ்வொரு தாலுகாவிலும் உயிரோடிருக்கும் நாலைந்து பேரின் குரலையே வைத்துக்கொள்வது என்றும், கூப்பிடும் நேரத்தைக் காலை எட்டு மணியாக மாற்றுவது என்றும் ஏற்பாடானது.

ஐந்தாவது வாரம் பொன்ரேகாவின் வழக்கு வந்தது. இந்தத் தடவை உதவியாளர் இல்லை, வழக்குக்காரி. புது உதவியாளன் அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே போனான். லிங்கதுரை வரமாட்டான் என்று ஒரு மனசு சொன்னது. வரக்கூடாது சாமி என்று இன்னொரு மனசு வேண்டிக்கொண்டது.

“எதிர்வாதியை இன்று காலை கூப்பிட்டோம்” என்றார் நடுவர். “முதல் தடவை பெயர் சொன்னதுமே வந்துவிட்டார். திருப்பூர் மையத்தில் காத்திருக்கிறார்.”

பொன்ரேகா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“விசாரணைக்கு முன் ஒன்று. பழைய தீர்ப்பு ரத்தானதால், அப்போது அவருடைய மீட்டர் பெட்டியில் பதிவானதை இரண்டு பேருக்கும் நான் கொடுக்கவேண்டும். கூப்பிட்ட பின் இரண்டு நிமிஷம் பெட்டி பதிந்து வைக்கும். அவர் பொத்தானை அமுக்கவில்லை, ‘நான்தான்’ என்றும் சொல்லவில்லை. அதனால் அவர் பேசியதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருந்தாத பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன்.”

“பேசினாரா?”

“மூன்று நாளும் பேசியிருக்கிறார். கேட்கிறீர்களா?”

அவள் தலையசைத்தாள்.

முதலில் அப்பாவின் குரல். “லிங்கதுரை… லிங்கதுரை… லிங்கதுரை…” ஐந்து வாரத்துக்குப் பிறகு கேட்கிறாள். அதற்குப் பின் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவதுபோல், மெதுவாக, நடுங்கிக்கொண்டு ஓர் ஆண் குரல்.

“மாமா… நீங்க சொன்னபடிதானே இருக்கேன். எம்மவ கண்ணுல படாம எங்கயாச்சும் போயிரு, சாகப்போறவன் கேக்கேன்னு கையைப் பிடிச்சீக. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவ மூஞ்சியில முழிக்கல. பிள்ளைக்கு ஒரு போன்கூடப் போடல. பெறவு எதுக்கு மாமா கூப்பிடுதீக?”

பதிவு நின்றது. இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. ஒரு மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

பொன்ரேகாவுக்கு அப்பாவின் கட்டிலும், அந்தக் கடைசி வாரமும், கதவைச் சாத்திக்கொண்டு மருமகனோடு அவர் பேசிய கால்மணி நேரமும் கண்முன் வந்தன. என்னப்பா பேசினீங்க என்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல தாயி, ஊர்க்கதை” என்று சொல்லியிருந்தார். இந்தக் குரலைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தானே அத்தனை பொய்யும் சொன்னாள். இப்போது அப்பாமேல் வந்த கோபத்தை இனி யாரிடம் போய்க் காட்டுவது? உலகத்தில் ஒரு பெட்டியிலும் அவர் இல்லை.

“உங்களுக்கு அவகாசம் வேண்டுமா?” என்று நடுவர் கேட்டார். “விசாரணையை அடுத்த வாரத்துக்கு மாற்றலாம்.”

“வேண்டாம்.”

“அப்படியானால் எதிர்வாதியை நான் இணைக்கிறேன். நீங்கள் நேரடியாகப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை. என்னிடம் சொன்னால் நான் அவரிடம் சொல்வேன்.”

“நானே பேசுதேன்.”

திரையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், யாரோ தொண்டையைச் செருமிக்கொள்வதும் கேட்டது. பொன்ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான்தான் ரேகா பேசுதேன்” என்றாள். “பிள்ளை உங்களைக் கேக்குறதையே விட்டுட்டா. அவகிட்ட நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா” என்றாள் பொன்ரேகா. “கூப்பிடுதீகளா?”